மஞ்சள் உதடு

எங்கள் பூச்சிப் பிரிவின் தலைவரை எல்லோரும் கமா சார் என்றுதான் சொல்வோம். யார் எழுதிய கட்டுரையானாலும் நாலு கமாவைச் சேர்த்தோ எடுத்தோ கொடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அன்று என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் ஒரு கமாவைக்கூடத் தொட்டிருக்கவில்லை. பூச்சியின் தலையைப் பற்றி நான் எழுதியிருந்த பத்தியில் பென்சிலால் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

"மேலுதடு மஞ்சள்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். அதுதானே முக்கியமான அடையாளம்."

"போட்டோவுல கறுப்பா இருக்கே."

பூச்சி ஜாடிக்குள் உயிரோடு இருந்தபோது நான் கைபேசியில் எடுத்த படத்தை அவர் மேஜைமேல் வைத்தார்.

"கண்ணாடி வழியா எடுத்தது சார். வெளிச்சம் சரியில்ல."

"வெளிச்சம் சரியில்லன்னா மஞ்சள் மங்கும். கறுப்பா மாறுமா? நம்ம ஆபீஸ் அடையாள அட்டையில இருக்கிற போட்டோகூட முகத்துக்கு இதைவிட நெருக்கமா இருக்கும்மா." சிரிக்காமல் சொன்னார். "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்க. பேர் வச்சதுக்கு அப்புறம் முழிச்சிட்டு நிக்கக் கூடாது."

பெயர் வைக்கப்போவது ஒரு ரம்ப ஈக்கு. பெயரில்தான் ஈ. உண்மையில் அது குளவிக்கு உறவு, இடுப்பு ஒடுங்காத, கொட்டத் தெரியாத உறவு. பெண் பூச்சியின் வால் நுனியில் சின்னஞ்சிறு ரம்பம் ஒன்று இருக்கும். அதைக்கொண்டு இலையைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். நான் அதைப் பற்றி வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சிட்டா ரம்பத்தை" என்று அண்ணன் காதைப் பொத்திக்கொள்வான்.

இத்தனைக்கும் அந்தப் பூச்சி எனக்குக் கிடைத்ததே அண்ணனின் சோம்பலால்தான். ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் ஓட வைக்கிறவனுக்குச் சொந்த வீட்டின் பின்சுவரில் கசிகிற குழாயை அடைக்க நேரமில்லை. கசிந்து கசிந்து அந்தச் சுவரே பாசி பிடித்து, விரிசல்களில் பெரணிச் செடி மண்டிவிட்டது. ஒருநாள் துணி உலர்த்தப் போனபோது அந்தப் பெரணி இலைகளில் நான் அதுவரை பார்க்காத பச்சைப் புழுக்களைக் கண்டேன். சிலவற்றை இலையோடு ஜாடியில் போட்டு வளர்த்தேன். அதே வாரம் அண்ணி அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். அண்ணன் அன்றைக்கே குழாயை மாற்றி, சுவரைச் சுரண்டி, சிமெண்ட் பூசிவிட்டான். பெரணியும் போயிற்று, புழுக்களும் போயின. ஜாடியில் இருந்தவற்றில் ஒன்றே ஒன்றுதான் கூடு கட்டி, ஈயாக வெளியே வந்தது. பெண்.

அந்த ஒன்றை வைத்துத்தான் அந்தக் கட்டுரை. புதிய இனம் என்பதற்கும் மேலே போய், புதிய பேரினம் என்று எழுதியிருந்தேன். உடம்பு பெரணி தின்னும் கூட்டத்தின் உடம்பு. முகமோ முள்ளங்கி இலை தின்னும் கூட்டத்தின் முகம், மஞ்சள் உதடும் கீழே நெருங்கி வரும் கண்களுமாக. இப்படி இரண்டும் ஒரே பூச்சியில் சேர்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் எனக்கு நிரந்தர வேலைக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. புதிய பேரினத்தோடு போய் உட்கார்ந்தால் யாரும் அதிகம் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அதனால், என் இடத்துக்கு வந்து பூச்சியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, உதடு மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்றுதான் மனம் வேண்டிக்கொண்டது. மஞ்சளாகத்தான் இருந்தது. நிம்மதியோடு பூச்சியை லேசாகத் திருப்பினேன். கழுத்தில் ஏதோ மினுங்கியது.

பசை.

மணிபோல உறைந்த ஒரு துளி. தலைக்கும் மார்புக்கும் நடுவே, மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. உடைந்தது உடைந்ததாகவே இருக்க வேண்டும். காலோ தலையோ கழன்றுவிட்டால், பூச்சியைக் குத்திய அதே ஊசியில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி அதன்மேல் தனியாக ஒட்டி, கழன்றது என்று சீட்டில் எழுத வேண்டும். உடம்போடு திரும்ப ஒட்டக் கூடாது. ஒட்டினால், பின்னால் வருகிறவனுக்கு எது எதனுடையது என்று தெரியாமல் போகும். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, எங்கள் ஆபீஸிலேயே வேலை பார்க்கும் அண்ணிதான். "அழகு பண்ண வராதீங்க" என்பாள். பூச்சிகளை ஈரப் பெட்டியில் வைத்து இளக்கி, கால் சிறகு விரித்து, ஊசியில் ஏற்றும் வேலை முழுக்க அவளுடையது. இந்தப் பூச்சியை ஏற்றியதும் அவள்தான்.

கூடவே இன்னொன்றையும் அவளிடம் கொடுத்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, முள்ளங்கி இலையில் கிடைக்கும் சாதாரண ரம்ப ஈ ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி ஏற்றிக் கொடுங்கள் என்று நான்தான் கேட்டேன். அந்தச் சாதாரணப் பூச்சி இத்தனை வாரமும் என் மேஜைமேல், புதியதற்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அதை ஒருமுறையாவது நுண்ணோக்கியில் வைத்திருக்கிறேனா? இல்லை. தெரிந்த பூச்சிதானே என்று அதன் அளவுகளைப் பழைய புத்தகத்திலிருந்து எடுத்து எழுதிவிட்டேன்.

இப்போது அதை எடுத்து வைத்தேன். அதன் கழுத்திலும் பசை. அதன் முகம் முழுக்கக் கறுப்பு. ஜாடிப் படத்தில் இருந்த அதே முகம்.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். என் புதிய பேரினம் என்பது இரண்டு பூச்சிகளை வெட்டி ஒட்டியது. அதை ஒட்டியது அண்ணி.

அண்ணியின் அறை நடைவழியின் கோடியில். கதவு திறந்திருந்தது. உள்ளே போகாமல் வாசலில் நின்றேன். அண்ணி ஒரு வண்டைத் தயார் செய்துகொண்டிருந்தாள். விரல்கள் எப்போதும்போல நிதானமாகத்தான் இருந்தன. ஆனால் இடுக்கியைக் கீழே வைத்தவள் அதைத் திரும்ப எடுக்க, மேஜையைத் தடவிக்கொண்டே போனாள். இடுக்கி அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. தலையை முழுசாகத் திருப்பி, அதை நேருக்கு நேராகப் பார்த்த பிறகுதான் எடுத்தாள். நான் வாசலில் நிற்பது அவளுக்குத் தெரியவே இல்லை. என் புடவை நிறம் அந்தச் சுவரில் அடித்துக்கொண்டு தெரியும், அவ்வளவு சிவப்பு.

"அண்ணி" என்றேன்.

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. "எருமை. செருப்புச் சத்தமாவது கேக்கிற மாதிரி வரக் கூடாதா?" சிரித்தாள். "என்னடி குட்டி, கமா என்ன சொல்றாரு? எத்தனை கமா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அடேங்கப்பா. உடம்பு சரியில்லையா அவருக்கு?"

கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அண்ணி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. பூச்சிக்கு ஊசி குத்துகிற பொண்ணு வரப்போகிறாள் என்று அண்ணன் சொல்லி வைத்ததில் முதல் வாரம் முழுக்க அவள் பக்கமே போகவில்லை. பிறகு, பள்ளிக்கூடம் விட்டதும் என்னை இதே அறைக்குக் கூட்டிவந்து, பொன்வண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அதற்கப்புறம் நான் அவள் முந்தானையை விட்டதே இல்லை. என்னைப் பற்றி யாராவது கேட்டால், "எனக்குச் சீர்வரிசையில வந்த நாத்தனார்" என்பாள்.

சாயங்காலம் அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்து, கிரீஸ் படிந்த கைகளைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணி குளித்துக்கொண்டிருந்தாள். நான் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அண்ணிக்குக் கண்ணுல என்ன?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "என்ன கண்ணுல? அவ அழகுக் கண்ணுக்கு என்ன குறை?"

"விளையாடாத. குழாயை எதுக்கு அவ்வளவு அவசரமா அடைச்ச? ஆறு வருஷமா ஒழுகிட்டிருந்துச்சு."

அண்ணன் குளியலறைப் பக்கம் பார்த்தான். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிப்போச்சாம். ஓரம் எல்லாம் போயிடுச்சு. நேரா மட்டும்தான் தெரியுதாம், ஒரு குழாய் வழியாப் பாக்கிற மாதிரி. போனது திரும்ப வராதுன்னுட்டாரு டாக்டர். இருக்கிறதைக் காப்பாத்திக்க மருந்து ஊத்திட்டிருக்கோம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? அந்த ரூமைப் பூட்டச் சொல்லியிருப்ப. என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாடி. 'நேரா பாத்து செய்யுற வேலைதானே, நான் சமாளிச்சுக்குறேன்'னா." துணியை உதறினான். "நான் தினமும் லிஃப்ட் குழிக்குள்ள இறங்குறவன். மேலே வெளிச்சம் ஒரு சதுரமாத் தெரியும், சுத்திலும் இருட்டு. டாக்டர் சொன்னப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. நான் ஏறி வந்துடுவேன். அவ?"

அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதும் அழவில்லை. மூக்கை மட்டும் அந்தக் கிரீஸ் துணியாலேயே துடைத்துவிட்டான். மூக்கு நுனி கறுத்துப்போனது. வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

பூச்சியைப் பற்றிச் சொன்னேன். தலை மாறியதைச் சொன்னேன். அவன் துணியை நாலாக மடித்துப் படியில் வைத்தான்.

"இதை வெளியில சொல்லாம விட்டா யாருக்காவது தெரியுமா?"

"இப்ப தெரியாது. என்னைக்காவது ஒருத்தன் கழுத்தைத் திருப்பிப் பாப்பான்."

"அப்ப அவன் யாரைத் திட்டுவான்?"

"என்னை. பேர் என்னுதுதானே."

"அப்போ சொல்லித்தான் ஆகணும்" என்றான். பிறகு, "உடைச்சது நீதான்னு சொல்லிடு. உனக்கு என்ன, சின்னப் பொண்ணு, திட்டிட்டு விட்டுடுவாங்க. அவளைன்னா ரூமை விட்டே எடுத்துடுவாங்க."

நானும் அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன். கட்டுரையின் கடைசியில் இரண்டே வரி. தலையை ஒட்டியது ஆசிரியர், தவறு ஆசிரியருடையது. பேரினம் போகும், நேர்காணலில் கொஞ்சம் தலைகுனிய வேண்டியிருக்கும், அண்ணியின் அறை மிஞ்சும். இந்தக் கணக்கு எனக்கு ஆறுதலாகவே இருந்தது. குளியலறைக் கதவு எப்போதோ திறந்துவிட்டதை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மறுநாள் காலை நான் நுண்ணோக்கியின் உறையைக் கழற்றும்போதே அண்ணி என் மேஜைக்கு வந்துவிட்டாள். வழியில் ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டு, அதை நகர்த்திப் போட்டுவிட்டு வந்தாள்.

"காட்டு."

"எதை அண்ணி?"

"நடிக்காதடி. உங்க அண்ணனுக்கும் உனக்கும் ரகசியம் பேசக்கூடத் தெரியல, தெரு முழுக்கக் கேக்குது. எந்தத் தலை எதுல இருக்கு, காட்டு."

நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தேன். அண்ணி முதல் பூச்சியைப் பார்த்தாள். பிறகு இரண்டாவதை. மறுபடியும் முதலாவதை. நேராகப் பார்க்கும்போது அவளுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அதுதான் கொடுமை.

"ஈரப் பெட்டியில ஒருநாள் கூட இருந்துடுச்சு" என்று கண்ணை எடுக்காமலே சொன்னாள். "மணிக்கட்டு வலி மறுபடி வந்து லீவு போட்டுட்டேனே, அப்ப. ரெண்டும் கூழாயிடுச்சு. தொட்டதும் தலை கழண்டுது, ரெண்டுக்குமே. உருண்டு ஓரமாப் போச்சு. தூரிகையால தடவித்தான் ரெண்டையும் எடுத்தேன். எடுத்துட்டேன்னு சந்தோஷப்பட்டேன் குட்டி. மாறியிருக்கும்னு தோணவே இல்ல."

"அட்டையில ஒட்டியிருக்கலாமே அண்ணி." கேட்கக் கூடாது என்று நினைத்ததுதான் வாயில் வந்தது.

"அதுக்கு முந்தின மாசம் ஒரு குளவிக்கு ரெண்டு கால் போச்சு. அதுக்கு முன்னால ஒரு தும்பிக்குத் தலை. சீட்டுல எழுதி எழுதி, எல்லாத்துலயும் என் கையெழுத்து. இதுலயும் எழுதினா நீ கேப்ப. உன் ஒத்தைப் பூச்சி வேற." நிமிர்ந்தாள். "ஊருக்கெல்லாம் பாடம் நடத்திட்டு நானே அழகு பண்ணிட்டேன், பாரு."

"நான் உடைச்சேன்னு எழுதிடறேன்."

"எழுதுவ. இன்னும் நாலு பூச்சிக்கு நான் தலையை மாத்தி வைப்பேன். அதுக்கும் நீயே எழுதுவியா?" அவள் குரல் உயரவில்லை. "என் கை பண்ணினதுக்கு உன் பேரைப் போடாத. நான் இத்தனை வருஷம் செஞ்சதும் பொய்னு ஆயிடும். புரியுதா உனக்கு?"

எழுந்து வெந்நீர் வைத்தேன்.

பசை தண்ணீரில் கரையும் வகை. வெந்நீர் ஆவியில் காட்டினால் இளகும். இந்த வேலையை எப்போதும் அண்ணிதான் செய்வாள். அன்று இடுக்கியை என் பக்கம் தள்ளினாள். ஆவியில் பிடித்த பூச்சியின் கழுத்தில் ஊசி முனையை வைத்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உலகத்தில் வேறு எங்காவது இதன் உறவுகள் இருக்கலாம், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

"மூச்சை விட்டுட்டுத் தொடு. புடிச்சுக்கிட்டே தொடாத" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மஞ்சள் உதட்டுத் தலை கழன்று வெள்ளைக் காகிதத்தில் விழுந்தது. அடுத்து கறுப்புத் தலை. எந்தத் தலை எந்தக் கிண்ணத்தில் என்று ஒவ்வொரு முறையும் நான் வாய்விட்டுச் சொன்னேன், அண்ணி திரும்பச் சொன்னாள். கறுப்புத் தலையின் கழுத்து விளிம்பு பெரணிப் பூச்சியின் கழுத்தோடு, பாத்திரத்துக்கு அதன் மூடிபோலப் பொருந்தியது. பொருந்துகிறது என்று பார்த்துக்கொண்டதோடு சரி, ஒட்டவில்லை. அதே ஊசியில் ஒரு அட்டையைச் செருகி, தலையை அதன்மேல் வைத்தேன்.

உண்மையான முகத்தோடு பார்த்தபோது அது பேரினம் இல்லை. பெரணி தின்னும் பழைய குடும்பத்தில் இன்னொரு பிள்ளை, அவ்வளவே. ஆனால் வால் நுனி ரம்பத்தின் பற்கள் எந்த உறவின் ரம்பத்தோடும் ஒத்துப்போகவில்லை. அந்த அடையாளம் முதலிலிருந்தே கட்டுரையில் இருந்தது. மஞ்சள் உதட்டின் மயக்கத்தில் நான் அதைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியாகத் தள்ளியிருந்தேன். புதிய இனம்தான். சிறிய புதியது.

ஊசியில் குத்த வேண்டிய சீட்டை அண்ணியே எழுதினாள். "தயாரிக்கும்போது தலை கழன்றது. தவறாக ஒட்டப்பட்டுப் பின் திருத்தப்பட்டது." கீழே தன் பெயரை எழுதினாள். எழுத்துகள் அழகாகத்தான் இருந்தன. கடைசி எழுத்து மட்டும் சீட்டின் ஓரத்தைத் தாண்டி மேஜையில் விழுந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. நான் அந்த எழுத்தை விரலால் மறைத்துக்கொண்டு, மை காயும் முன் அழித்தேன்.

அதை எடுத்துக்கொண்டு அவளே கமா சாரின் அறைக்குப் போனாள். என்னை வெளியே நிறுத்திவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் அதிகம் கேட்கவில்லை. வெளியே வந்த அண்ணியின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"என்ன சொன்னாரு?"

"நாளையிலேர்ந்து ஊசியைத் தொட வேண்டாம்னாரு. மேலே எழுதிக் கேக்கணுமாம், எங்க போடறதுன்னு. என்ன போடறது, நான் என்ன மூட்டையா?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அப்புறம் சீட்டை வாங்கி ஒரு கமா போட்டாரு."

"சீட்டுலயா?"

"'கழன்றது'க்கு அப்புறம். புள்ளியை கமாவா மாத்திட்டாரு."

நான் கட்டுரையில் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தேன். அங்கே அண்ணியின் பெயருக்கு ஒரு லத்தீன் வால் சேர்த்து எழுதலாம் என்பது முதல் நாளே எடுத்த முடிவு. அதை அப்போது, அந்த நடைவழியில், அவளிடம் சொன்னேன்.

அண்ணி தலையை முழுசாக என் பக்கம் திருப்பினாள்.

"வேண்டாம்" என்றாள். "தலை தனியா ஒடம்பு தனியா இருக்கிற பூச்சிக்கு என் பேரா? நல்லா இருக்குடி நியாயம். உங்க அண்ணன் குழாய்ப் பேரை வை. ஆறு வருஷம் ஒழுகினதுக்கு ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும்."

லத்தீனில் 'சொட்டுகிற' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. பிறகு அதைத்தான் வைத்தேன்.

ஐந்து மணிக்கு அண்ணி தன் அறைக்குப் போய் இடுக்கிகளையும் தூரிகைகளையும் அதனதன் குழிகளில் வைத்தாள். எல்லாம் தடவாமலேயே கைக்கு வந்தன. விளக்கை அணைத்தாள், கதவைப் பூட்டினாள், சாவியை என்னிடம் கொடுத்தாள். வழக்கம்போல அவளுக்குப் பக்கத்தில் நடக்கப் போனேன். படிக்கட்டு வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"கையைப் புடிச்சுக்கவா அண்ணி?"

"புடிக்காத. பக்கத்துலயும் வராத, தெரிய மாட்டேங்குது." கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டாள். "முன்னால நட."

நான் முன்னால் போய் ஒரு படி இறங்கினேன். இறங்கி, அவள் பார்வை என் முதுகில் வந்து சேரும்வரை காத்திருந்தேன். பிறகு அடுத்த படி.